அமாவாசையன்று திறந்த கதவு

1975 மார்ச் 12, புதன்கிழமை, மாலை நான்கு மணி. இடம்: காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் நடு அறை. வந்திருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்த இடங்களும் பின்வருமாறு.

மேசைக்குப் பின்னால், மேனேஜர் நாற்காலியில், சென்னையிலிருந்து வந்த ஆய்வு அதிகாரி ராஜகோபால். அவருக்கு இடது கைப்பக்கம் ஜன்னலோரமாக, அவருடன் வந்த, இன்னும் பயிற்சியில் இருக்கும் அதிகாரி மிஸ் லில்லி. மடியில் நோட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரே வைத்திருந்தார். சுவரோரப் பெஞ்சில் சங்கத் தலைவர் குப்புசாமி. மேசையின் கடைக்கோடியில், தீர்மானப் புத்தகத்தோடு, கடிதக் குமாஸ்தா திருஞானசம்பந்தமாகிய நான்.

மேனேஜர் மயில்வாகனத்தைக் கடைசியில் எழுதுகிறேன். அவர் கடைசியாகத்தான் உட்கார்ந்தார். அவர் நாற்காலியில் அதிகாரி இருந்ததால், புடவை கொண்டுவரும் நெசவாளர்கள் உட்காரும் குட்டை முக்காலியில் அமர்ந்தார். அவருக்கு வலது முழங்கால் மடங்காது. காலை நேராக நீட்டிக்கொண்டு அவர் அதில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. பதினோரு வருஷத்தில் அவரை அந்த முக்காலியில் நான் பார்த்ததே இல்லை.

விஷயம் இதுதான். முந்நூறு தறிக்கு மேல் உள்ள சங்கங்களுக்கு இனிமேல் பயிற்சி பெற்ற மேனேஜரை மேலிடமே அனுப்பும். இருக்கிறவர் மேனேஜர் வேலையை முறைப்படி செய்கிறார் என்று ஆய்வில் தெரிந்தால் மட்டும் அவரே தொடரலாம். எங்களுடையது முந்நூற்று நாற்பது தறி. மயில்வாகனம் எட்டாவது வரை படித்தவர். வேலை போனால் பழையபடி தறிக்குப் போகலாம் என்றால், தறிக்குழிக்குள் காலை இறக்கி மிதிக்க அந்த முழங்கால் விடாது.

ராஜகோபால் ஒரு ஃபாரத்தை மேசைமேல் விரித்தார். ஐந்து கட்டம் போட்டிருந்தது. திட்டமிடல், அமைத்தல், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல்.

"மேனேஜர்னா இந்த அஞ்சு வேலை. இது நான் கண்டுபிடிச்சது இல்லை. அறுபது வருஷம் முன்னாடி பிரான்ஸ்ல சுரங்கக் கம்பெனி நடத்தின ஒருத்தர் எழுதி வெச்சது. உலகம் பூரா இதைத்தான் பாடமா வெச்சிருக்காங்க. காலையில ஒன்பது அஞ்சுலேர்ந்து மூணு மணி வரைக்கும் இவர் பக்கத்துலயே இருந்தேன். முதல் கட்டத்துல என்ன எழுதறது, நீங்களே சொல்லுங்க."

ராஜகோபால் பேனாவைத் திறந்து முதல் கட்டத்தின்மேல் வைத்தார்.

"இன்னைக்கு இவர் உட்கார்ந்து யோசிச்ச நேரம்னு எதைக் காட்டுவீங்க?"

"காலையிலேர்ந்து வேலைதான் சார் செஞ்சிக்கினு இருந்தேன்" என்றார் மயில்வாகனம்.

"என்ன வேலை?"

மயில்வாகனம் கையை விரித்தார். "இன்னான்னு சார் சொல்றது. வந்ததைத்தான்."

"ஐம்பத்து மூணு, சார்" என்று லில்லி நோட்டைப் பார்த்துச் சொன்னார். "ஆறு மணி நேரத்துல ஐம்பத்து மூணு விஷயம். ரொம்ப நீளமானது ஒன்பது நிமிஷம்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் ராஜகோபால்.

என் பேனாவில் மை இருந்தது. கை நகரவில்லை. காரணம் அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது நான்.

பிப்ரவரி கடைசியில் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தங்கள் சங்கத்துக்கு வசதியான ஒரு நாளைத் தெரிவிக்கவும் என்றிருந்தது. நான் யோசித்தேன். மற்ற நாட்களில் மயில்வாகனம் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நாற்காலியில் இருக்கமாட்டார். யாராவது கூப்பிடுவார்கள், போய்விடுவார். ஆனால் அமாவாசையன்று இந்த ஊரில் தறி ஓடாது. பட்டு கொடுப்பது, புடவை வாங்குவது எதுவும் கிடையாது. சங்கத்துக் கதவையே திறப்பதில்லை. அன்றைக்கு அதிகாரிகளை வரவழைத்து, கதவைத் திறந்து, மேனேஜரை மேசையில் உட்காரவைத்தால், ஈ காக்கா வராது. அமைதியாகத் திட்டத்தைக் காட்டலாம். பன்னிரண்டாம் தேதி வசதி என்று ஒரு கார்டில் எழுதிப் போட்டேன். மேனேஜரிடம், "அவங்களே பன்னெண்டாந்தேதி வராங்களாம்ணா" என்று சொல்லிவிட்டேன். திட்டம் என்று ஒன்றும் வேண்டுமே. முழுத்தாளில் கோடு கிழித்து, 'ஆண்டுத் திட்டம்' என்று தலைப்பிட்டு, அழகாக எழுதி, மேசைமேல் தாள் பறக்காமலிருக்க வைக்கும் கண்ணாடிக் குண்டின் அடியில் வைத்தேன்.

காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தேன். ஒன்பது ஆறுக்குக் கங்கையம்மாள் எட்டிப்பார்த்தாள். புருஷன் தறிக்கு இழை சுற்றிக் கொடுக்கிறவள். தெருவில் அவளுக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது.

"இன்னாபா சம்பந்தம், அமாவாசை அதுவுமா கதவு தொறந்துகிடக்குது? உள்ள யாராச்சும் செத்துகித்துப் பூட்டாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. ஆபீசர் வந்திருக்காரு. நீங்க போங்க."

"ஆபீசரா?" என்று கேட்டுவிட்டு அவள் போனாள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தது என் அறியாமை. கால் மணி நேரத்தில் வாசலில் இருபது செருப்பு. தறி ஓடாத நாள், எல்லோருக்கும் கை சும்மா இருந்தது, சங்கமும் திறந்திருந்தது. மற்ற நாட்களில் தறியை விட்டு எழுந்து வர முடியாததால் மனதில் வைத்திருந்ததையெல்லாம் அன்றைக்குக் கொண்டுவந்தார்கள்.

அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். அண்ணன் வீட்டுக் குளியல் தண்ணீர் தம்பியின் தறிக்குழியில் ஊறுகிறதாம். பேச்சு ஏறியது. மயில்வாகனம் காலை இழுத்துக்கொண்டு கூடவே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வருவதற்குள் இன்னொருவர், பேத்திக்குக் காது குத்து, நீங்கதான் முன்னால நிக்கணும் என்றார். சென்னைக் கடையிலிருந்து டிரங்க் கால். ஜரிகைப் பார்சல் பஸ்ஸில் வந்து இறங்கவில்லை என்று ஒருவர். கோயிலிலிருந்து ஒருவர், பங்குனி உற்சவத்துக்கு அம்பாள் புடவை எந்தத் தறியில் இருக்கிறது என்று. நடுவில் தென்னேரியிலிருந்து முருகேசன் என்ற விவசாயி, இங்கே தறி வேலைக்கு வந்திருக்கும் தன் தம்பிகளைப் பார்க்க வந்தவர், வாசலில் தலை காட்டினார்.

"வா முருகேசா. தென்னேரி ஏரியில தண்ணி எவ்ளோ இருக்குது?"

"பாதிக்கு மேல நிக்குதுண்ணா."

"பாதியா? மதகுக்கு மேலயா கீழயா?"

"மேலதாண்ணா."

ராஜகோபால் அப்போதுதான் முதன்முதலாக வாயைத் திறந்தார். "அந்த ஏரியில சங்கத்துக்கு மீன் குத்தகை ஏதாவது உண்டா?" என்று என்னிடம் கேட்டார். "இல்லை சார்" என்றேன்.

மதியம் கண்ணாடிக் குண்டைத் தூக்கி, என் 'ஆண்டுத் திட்டத்தை' எடுத்துப் படித்தார். "நல்ல கையெழுத்து. யாருது?"

"என்னுது சார்."

"மேனேஜர் இதைப் படிச்சாரா?"

படிக்கவில்லை என்று என் முகமே சொல்லியிருக்கும். அவர் அதை மடிக்காமல், ஓரம் கசங்காமல், இருந்த இடத்திலேயே வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

இனி மாலைக் கூட்டத்துக்கு வருகிறேன். ஐம்பத்து மூன்று என்ற எண்ணைச் சொன்ன லில்லி அதோடு நிறுத்தவில்லை.

"சார், ஒண்ணு சொல்லலாமா? கனடாக்காரர் ஒருத்தர் ரெண்டு வருஷம் முன்னாடி இதைப் பத்தி எழுதியிருக்கார். அஞ்சு பெரிய மேனேஜர்கள் பக்கத்துல ஆளுக்கு ஒரு வாரம் இருந்து, என்ன செய்யறாங்கன்னு நிமிஷக் கணக்குல எழுதினாராம். யாரும் அமைதியா உட்கார்ந்து திட்டம் போடலை. துண்டு துண்டா வேலை, எல்லாம் பேச்சு, நடுவுல யாராவது வந்துக்கிட்டே இருக்காங்க. காது குத்துக்கு முன்னால நிக்கறது, சண்டை தீர்க்கறது, வெளி ஆளுங்ககிட்ட சேதி கேட்டு வாங்கறது, இதெல்லாமே மேனேஜர் வேலைதான்னு அவர் சொல்றார்."

"அப்பிடிப் போடு!" என்றார் தலைவர் குப்புசாமி. "கனடாவுலயும் தறிக்குழியில தண்ணி பூருதா?"

ராஜகோபாலும் சிரித்தார். பிறகு ஃபாரத்தைத் தட்டினார். "மிஸ் லில்லி, டாக்டர் நாள் பூரா மாடிப்படி ஏறி இறங்கறார்னு எழுதினா அது உண்மையா இருக்கலாம். அதுக்காக டாக்டர் வேலை மாடிப்படி ஏறுறதுன்னு ஆயிடுமா? என்ன செய்யறாங்கங்கிறது வேற. எது வேலைங்கிறது வேற."

"எது வேலைன்னு நாற்காலியில இருந்துக்கிட்டே முடிவு பண்ணிட்டா, பார்க்கவே வரவேண்டாமே சார்?"

 ராஜகோபாலுக்குக் கோபம் வரவில்லை. அவர் கெட்டவர் அல்லர். அதனால்தான் எனக்குப் பயம் அதிகமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் அவர் மீது பழியைப் போடலாம்.

"சரி" என்றார். "இன்னைக்குக் கூட்டம் தொந்தரவு பண்ணிடுச்சு. நாளைக்குக் காலையில பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் மயில்வாகனம் ஸ்டோர் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு உட்காரட்டும். யாரும் கூப்பிடக் கூடாது. வர்ற மூணு மாசத்துக்குத் திட்டம் எழுதிக் குடுக்கட்டும். இது ஆய்வுல சேராது. ஆனா நல்லா இருந்தா ரிப்போர்ட்டோட வைக்கிறேன்."

மயில்வாகனம் முக்காலியிலிருந்து எழுந்திருக்கத் தடுமாறினார். நான் கை கொடுத்தேன். "ரெண்டு மணி நேரமா?" என்று என் காதோரம் கேட்டார். "எனுக்கு எஸ்.எஸ்.எல்.சி.யே வேணாம்னுதானேபா எட்டாவதோட ஓடியாந்தேன்?"

மறுநாள் வியாழக்கிழமை. பத்து மணிக்கு அவர் உள்ளே போனார். ராஜகோபால் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பத்து ஐந்துக்கு, சின்ன காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறையிலிருந்து அரக்கு நிறச் சிட்டங்கள், அதாவது சாயம் போட்ட பட்டு நூல்கட்டுகள், வந்தன. திங்கட்கிழமை வந்ததில் மிச்சமும் அலமாரியில் இருந்தது. அமாவாசை முடிந்து தறி ஏறும் நாள்; நான்கு வீட்டுக்காரர்கள் கரைக்கான பட்டுக்காகக் காத்திருந்தார்கள். கங்கையம்மாள்தான் முதலில் நின்றாள்.

பட்டு எடுத்துக் கொடுக்கும் இந்த வேலையை நான் செய்ததே இல்லை. மேனேஜர்தான் சிட்டங்களை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போவார், திரும்பி வருவார், கொடுப்பார். தெருவில் என்ன செய்கிறார் என்று நான் கேட்டதில்லை. வெற்றிலை துப்பப் போகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"சார், ஒரு நிமிஷம் மேனேஜரைக் கேட்டுட்டு..." என்றேன்.

"அவருக்கு ஜுரம், லீவுன்னு வெச்சுக்குங்க. என்ன செய்வீங்க?"

என்ன செய்வேன்? ரிஜிஸ்டரைப் பார்ப்பேன். ரிஜிஸ்டரில் நிறம் என்று ஒரு கட்டம், எடை என்று ஒரு கட்டம். நிறம் அரக்கு. எடை போட்டேன். குறைந்ததற்குத் திங்கட்கிழமைச் சிட்டத்தைச் சேர்த்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாம் அரக்காகத்தான் இருந்தது. நால்வரிடமும் கையெழுத்து வாங்கினேன். பதினைந்து நிமிஷத்தில் முடித்ததற்கு மனதுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

பதினொன்றரைக்கு வாசலில் கங்கையம்மாளின் குரல் கேட்டது. அவளுக்கு முன்னால் அது உள்ளே வந்தது.

"சம்பந்தம்! இங்க வாபா! வெளிய வா, வெயிலுக்கு வா!"

போனேன். இரண்டு சிட்டங்களை வெயிலில் பிடித்துக் காட்டினாள். ஒன்று சிவப்பு தூக்கலாக இருந்தது. மற்றது கறுத்து, பழுப்பு அடித்தது. இரண்டு வேறு நாள் போட்ட சாயம்.

"இந்தாண்டக் கரை ரத்தம் மாரி இருக்குது. அந்தாண்டக் கரை வெல்லப்பாகு மாரி இருக்குது. கல்யாணப் பொண்ணு இந்தத் தோளுக்கு ஒரு பொடவை, அந்தத் தோளுக்கு ஒரு பொடவைன்னா கட்டிக்கப் போவுது? கண்ணு எங்க வெச்சிருந்தே? உன் லெட்டர்லயா?"

 இன்னும் மூன்று வீடு. சைக்கிளை எடுத்தேன். ஒரு வீட்டில் சிட்டம் அப்படியே ஆணியில் தொங்கியது. மற்ற இரண்டு வீட்டிலும் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு சாயமும் ஒரே உருளையில் கலந்துவிட்டது. அள்ளிக்கொண்டு திரும்பினேன்.

வந்து பார்த்தால் ஸ்டோர் ரூம் கதவு திறந்திருந்தது. மயில்வாகனம் வாசலில் நின்றிருந்தார். கங்கையம்மாள் குரல் கேட்டு வந்துவிட்டார் போலிருக்கிறது. "இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்குங்க" என்று ராஜகோபால் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வந்துர்றேன் சார்" என்றார் இவர், வரவில்லை. தெரு நடுவில் போய் நின்று ஒவ்வொரு சிட்டமாக வெயிலுக்குப் பிடித்தார். நல்லதை இந்தக் கையிலும் மற்றதை அந்தக் கையிலும் பிரித்தார். கங்கையம்மாளிடம் ஒரு கட்டைக் கொடுத்தார். "இது எல்லாம் ஒரே பானைச் சாயம். போய் சுத்து. வூட்டுக்காரர்கிட்ட சொல்லாதே, சம்பந்தத்தை வந்து அடிச்சிறப் போறாரு." கலந்துபோனதை முகர்ந்து பார்ப்பதுபோல் கண்ணருகில் கொண்டுபோனார். "இது திரும்பாது. மேல ஒரு சாயம் முக்கி நாவப்பழக் கலராக்கிடலாம். சம்பந்தம், மெட்ராஸ் கடைக்கு டிரங்க் கால் புக் பண்ணு, பன்னெண்டு பொடவையில ரெண்டுக்குக் கரை நாவப்பழமா வரும்னு நான் பேசிக்கறேன். அந்த ரெண்டு வூட்லயும் இன்னைக்கு ஓடறதுக்கு முந்தாநாள் வந்த பச்சைக் கலரைக் குடு."

லில்லி மணியைப் பார்த்தார், பழக்க தோஷம். "ஒன்பது நிமிஷம்" என்றார்.

எல்லோரும் உள்ளே வந்தோம். ராஜகோபால் ஸ்டோர் ரூமிலிருந்த தாளை எடுத்துவந்தார். மேலே பிள்ளையார் சுழி. கீழே பதினோரு பெயர்கள். வேறொன்றும் இல்லை.

"இதுவா திட்டம்?"

"இவுங்களைக் கேக்கணும் சார். கேட்டாதான் எழுத முடியும். உள்ள கேக்கறதுக்கு யாரு இருந்தாங்க?"

தலைவர் குப்புசாமிக்கு அதுவரை அடக்கியிருந்தது பொங்கியது. "பாத்தீங்களா சார்? ரெண்டு மணி நேரம் இவரை உள்ள வெச்சதுக்கு நாலு வூட்டுப் பட்டு நாசம். இதுக்கு மேல இன்னா சார் வேணும் அத்தாட்சி?"

ராஜகோபால் தாளைக் கீழே வைத்தார். அவர் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் வரிக்கு வரி நினைவிருக்கிறது.

"இது யாருக்கு அத்தாட்சி, தலைவரே? ஒரு ஆள் ரெண்டு மணி நேரம் கதவைச் சாத்தினா நாலு வீட்டு வேலை நிக்குது. நாளைக்கு நெஜமாவே இவருக்கு ஜுரம் வந்தா? எந்த நாள் சாயம்னு ரிஜிஸ்டர்ல ஒரு கட்டம் போட எவ்வளவு நேரம் ஆகும்? பதினோரு வருஷம் ஆச்சே. அந்தக் கட்டம் போடறதுக்குப் பேர்தான் அமைத்தல்."

 லில்லி நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மயில்வாகனம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே, "சரிதான் சார்" என்றார்.

அது என்னைக் குத்தியது. ரிஜிஸ்டருக்குக் கட்டம் போடுவது அவர் வேலையோ இல்லையோ, கோடு கிழிப்பது என் வேலை.

அவர்கள் ஒரு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். ராஜகோபால் என்னிடம் சொன்னார்: "நான் நேத்து பார்த்ததைத்தான் எழுதுவேன். சங்கத்தோட விளக்கம் சனிக்கிழமைக்குள்ள வந்தா கூட வெச்சு மேல அனுப்பறேன். இன்னைக்கு நடந்ததைச் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்." சனிக்கிழமை போய்ச் சேர வேண்டுமென்றால் இன்றைக்கே பதிவுத் தபாலில் போக வேண்டும். நான்கரைக்குப் பை கட்டிவிடுவார்கள்.

லில்லி தன் பட்டியலின் கார்பன் பிரதியைக் கிழித்துக் கொடுத்தார். "நானும் ஒண்ணு எழுதுவேன். ஆனா நான் டிரெய்னிங்ல இருக்கிறவ. எவ்வளவு எடுபடும்னு தெரியலை" என்றார்.

ஒன்று பத்துக்கு எழுத உட்கார்ந்தேன். தலைவர் என் தோளுக்கு மேலே நின்றார்.

"அஞ்சு கட்டம்தானே கேக்கறான்? ரொப்பிடுபா. காது குத்து ஒருங்கிணைத்தல்னு போடு. தண்ணி சண்டை கட்டுப்படுத்தல். நீதான் எழுதறதுல மன்னனாச்சே. இன்னைக்கு நடந்த கூத்து மட்டும் ஒரு வரிகூட வேணாம்."

"கொஞ்சம் தனியா விடுங்க தலைவரே."

"நீ எழுதறதுலதான் இருக்குது அவரு சோறு. பாத்துக்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

லில்லியின் பட்டியலை ஐந்து கட்டங்களில் பிரித்துப் பார்த்தேன். எந்த வரியும் எந்தக் கட்டத்திலும் பொருந்தி நிற்கவில்லை. இரண்டு தாள் கிழித்தேன். மணி இரண்டேகால். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. பட்டியலை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

ஆறாவது வரி: 'ஏரியில் தண்ணீர் பற்றி விசாரித்தார், 1 நிமிஷம்.' பதினேழாவது: 'பாவு தயார் செய்பவரிடம், கோர்வைப் பாவு முதலில் வேண்டும், ஒற்றை நிறம் பிறகு என்றார், 2 நிமிஷம்.' முப்பத்தொன்று: 'டிரங்க் கால். கரை வைத்தது பன்னிரண்டும் பங்குனிக்குள். ஒற்றை நிறம் சித்திரையில் என்றார், 4 நிமிஷம்.' நாற்பத்து நான்கு: 'கங்கையம்மாளிடம், உங்கள் வீட்டுக் கோர்வைப் பாவு முறையை முன்னால் போட்டிருக்கிறேன் என்றார், அரை நிமிஷம்.'

சிவப்புப் பென்சிலால் நான்கையும் சுழித்தேன். மயில்வாகனம் அலமாரியருகில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன்.

"அண்ணா, முருகேசன்கிட்ட ஏரியைப் பத்தி எதுக்குக் கேட்டீங்க?"

"தண்ணி இருந்தா சித்திரையில சொர்ணவாரி நெல்லு நடுவாங்க இல்ல? நட்டா அந்தப் பக்கத்து ஆளு ஒருத்தனும் சித்திரையில இங்க தங்க மாட்டான். கோர்வைன்னா உடம்பு ஒரு கலர், கரை ஒரு கலர். குறுக்கிழை ஓட்டற கரை நாடாவை எதிர்ப்பக்கம் வாங்கிக் குடுக்க ரெண்டாவது ஆளு வேணும். ஆளு போறதுக்குள்ள கோர்வையை முடிச்சிட்டா, அப்பறம் ஒத்தையாளு ஓட்டற ஒத்தைக் கலரைச் சித்திரையில ஓட்டிக்கலாம். அதான் தள்ளி வெச்சேன்."

"மூணு மாசத்துக்கு!"

"ஆமா. இன்னா இப்ப?"

"அண்ணா, இதைத்தானே நேத்து அவரு கேட்டாரு? ஏன் சொல்லலை?"

"அவரு திட்டம் எங்கன்னு கேட்டாரு. ஏரியைப் பத்திக் கேக்கலையேபா."

எழுத ஆரம்பித்தேன். ஐந்து கட்டங்களை நிரப்பவில்லை. நான்கு வரிகளை மேற்கோளாக எழுதி, ஏரிக்கும் சித்திரை மாதத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கினேன். தங்கள் பாடத்தில் சொன்ன திட்டமிடல் எங்கள் மேனேஜரிடம் இருக்கிறது. ஆனால் அது உட்கார்ந்த இடத்தில் இல்லை, ஐம்பத்து மூன்று பேச்சுகளுக்கு நடுவே நான்கு துண்டாக இருக்கிறது. பார்க்கிறவர் கூட்டினால்தான் தெரியும் என்று எழுதினேன். பட்டியலை இணைத்தேன்.

பிறகு இன்றைக்கு நடந்தது. பேனா நின்றது. எழுதினால் ராஜகோபாலின் வாதத்துக்கு நானே சாட்சி. எழுதாவிட்டால், மயில்வாகனம் தெருவில் வெயிலில் நின்று என்ன செய்கிறார் என்பது மேலே யாருக்கும் தெரியாது. பதினோரு வருஷமாக எனக்கே தெரியவில்லையே. மணி மூன்று பத்து. எழுதினேன். சிட்டம் கொடுத்தது நான், பிழை என்னுடையது. எந்த நாள் சாயம் என்ற கட்டம் இல்லாததும் உண்மை. ஆய்வு அதிகாரி சொன்னது சரி. இன்று முதல் அந்தக் கட்டம் ரிஜிஸ்டரில் சேர்க்கப்பட்டிருக்கிறது. எழுந்து போய், அளவுகோல் வைத்து அந்தக் கோட்டைக் கிழித்துவிட்டு வந்துதான் அடுத்த வாக்கியத்துக்குப் போனேன்.

கடைசிப் பத்தி மிச்சம். அமாவாசையன்று தறி ஓடாது. அந்த நாளை வைத்து ஒருவருடைய வேலையைத் தீர்மானிக்க வேண்டாம். தறி ஓடும் நாள் ஒன்றில் மறுபடி வந்து பார்க்க வேண்டுகிறோம். அந்த நாளை யார் கொடுத்தது என்று மேலே கேட்பார்கள். என் கார்டு அவர்கள் ஃபைலில் இருக்கும். எழுதினேன்: 'தேதியைத் தெரிவித்தது கீழே கையொப்பமிட்ட குமாஸ்தா. மேனேஜருக்கு அதில் பங்கில்லை.'

இதை அவரிடம் சொல்லாமல் உறையில் போட எனக்கு மனம் வரவில்லை. கையெழுத்து வாங்கத் தாளை நீட்டும்போது, "அண்ணா, ஒரு விஷயம். பன்னெண்டாந்தேதின்னு சொன்னது அவங்க இல்லை. நான்தான்" என்றேன். 

"தெரியும்பா."

"தெரியுமா?"

"கார்டுலதானே எழுதிப் போட்டே? போஸ்ட்மேன் அன்னைக்கே சொல்லிட்டாரு. அமாவாசையிலயா ஆபீசரைக் கூப்பிடறீங்கன்னு கேட்டாரு."

"அப்பறம் ஏண்ணா மாத்தச் சொல்லலை?"

"எனுக்கும் நல்ல யோசனையாத்தான் பட்டுது. யாரும் வரமாட்டாங்கன்னு நானுந்தான் நெனச்சேன்." பேனாவை வாங்கினார். படிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.  "சம்பந்தம், இது தேறுமாபா?"

"தெரியலைண்ணா."

"பொய் எதுனா எழுதினியா?"

"இல்லை."

"தலைவரு கேட்டா நான் பாத்துக்கறேன்."

மணி மூன்று ஐம்பத்தைந்து. பிரதியை ஃபைலில் சேர்த்தேன். கடிதம் நான்கு பக்கம், பட்டியல் மூன்று பக்கம், ஆக ஏழு. மூன்றாக மடித்து நீளக் கவரில் வைத்து ஒட்டினேன். அரக்குக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி ஐந்து இடத்தில் சொட்டவிட்டு, சங்க முத்திரையை அழுத்தினேன். மூன்றாவது முத்திரை சரியாக விழவில்லை. சுரண்டிவிட்டு மறுபடி வைத்தேன்.

அவரும் கூட வருகிறேன் என்று கிளம்பினார். தெருமுனைவரை வந்தார். அங்கே அந்த அண்ணன் தம்பி இருவரும் மறுபடி எதிரே வந்துகொண்டிருந்தார்கள். "நீ போபா, பை கட்டிருவாங்க" என்றார். நான் சைக்கிளில் ஏறினேன்.

தபால் நிலையத்தில் எனக்கு முன்னால் மூன்று பேர். கடிகாரம் நான்கு பதினெட்டு, இருபது, இருபத்து நான்கு. கவரை வாங்கியவர் எடை போட்டார், ஸ்டாம்பு ஒட்டினார், முத்திரை குத்தினார். "மெட்ராஸா? சனிக்கிழமை காலையில போய்ச் சேந்துரும்" என்றார். ரசீது எண் 417. நேரம் நான்கு இருபத்தாறு. அவர் கவரைப் பின்பக்கமாக நீட்டினார். உள்ளேயிருந்த ஒரு கை அதை வாங்கிப் பைக்குள் போட்டு, கயிற்றை இழுத்து முடிந்தது.